ஃப்ளாப்: ஒட்டா, மடலா, பதியமா?

வணக்கம்.

கால்நடை அறுவை சிகிச்சைக்கான நம் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில், புண்ணைத் தோலால் மூடும் முறைகளான கிராஃப்ட் (graft), ஃப்ளாப் (flap) இரண்டுக்குமே "தோல் ஒட்டு" என்று போட்டுவிடலாம், படிப்பவருக்குப் புரிந்துவிடும் என்ற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. கிராஃப்டில் தோலை முழுதாக வெட்டியெடுத்து வேறோர் இடத்துப் புண்மேல் வைக்கிறோம், அதற்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது, புண்ணின் அடியிலிருந்து புது நாளங்கள் ஏறி வந்தால்தான் பிழைக்கும். ஃப்ளாப்பில் ஒரு பக்கத்தை வெட்டாமல் விட்டுவிடுகிறோம், அந்த வழியாக இரத்தம் வந்துகொண்டே இருக்கும். வண்டியில் அடிபட்டு எலும்பு வெளியே தெரிய வருகிற நாய்க்கு, வெற்றெலும்பின் மேல் ஒட்டு பிடிக்காது, ஃப்ளாப் பிடிக்கும். எதைச் செய்வது என்ற முடிவே இதில்தான் இருக்கிறது. ஒரே சொல்லைப் போட்டால் மாணவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

அதனால் கிராஃப்டுக்கு ஒட்டு, ஃப்ளாப்புக்கு மடல். அடி ஒட்டியிருக்க நுனி விரிந்திருப்பதுதானே மடல். வெட்டாமல் விட்ட பகுதிக்குக் "காம்பு" என்றே சொல்லலாம்.

ஃப்ளாப்புக்குப் "பதியம்" என்ற பரிந்துரையும் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பதியத்தில் வேர் விட்டதும் கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிடுவோம், பெரும்பாலான மடல்களில் காம்பைக் கடைசிவரை வெட்டுவதே இல்லை. வெட்டுகிற வகை ஒன்று உண்டு. பாதத்தில் தோல் உரிந்துபோன நாய்க்கு, காலை மடக்கி உடம்பின் பக்கவாட்டுத் தோலுக்கு அடியில் செருகித் தைத்து, சுமார் இரண்டு வாரம் அப்படியே கட்டிவைத்து, பிடித்துக்கொண்டதும் வெட்டிப் பிரிப்பார்கள். அதற்கு மட்டும் "பதிய மடல்" என்று வைப்போம், கச்சிதமாகப் பொருந்துகிறது.

அடுத்து, ஆக்சியல் பேட்டர்ன் ஃப்ளாப்புக்கு "அச்சு மடல்" என்று பட்டியலில் இருக்கிறது. அச்சு என்றால் இங்கே யாருக்கும் எதுவும் விளங்காது. குறிப்பிட்ட ஒரு தோல் தமனி காம்பு வழியே நுழைந்து மடலின் நீளத்துக்கும் ஓடுகிறது, அதுதான் விஷயம், ஆகவே "தமனி மடல்". 1981ல் பாவ்லெடிக் என்ற கால்நடை அறுவை மருத்துவர் நாய்களில் இவற்றை விவரித்த பிறகுதான் பெரிய புண்களை ஒரே அமர்வில் மூடுவது பரவலானது. அடிவயிற்றுத் தமனி மடலைப் பாருங்கள், நாயில் முழங்கால் வரை எட்டும், பூனையில் கணுக்காலையும் தாண்டும். பெண் நாயாக இருந்தால் மடிக்காம்புகளும் கூடவே போய் அங்கேயும் பால் சுரக்கும் என்பதால் கருத்தடையும் செய்துவிடுவது நல்லது. (இங்கே காம்பு என்ற சொல் இரண்டு பொருளில் வந்து இடிக்கிறது, அதனால் மடலில் வெட்டாமல் விட்ட பகுதிக்கு "மடலடி" என்றே வைத்துக்கொள்வோமா? எனக்கு இப்போது அதுதான் சரி என்று தோன்றுகிறது.)

பெயருள்ள தமனி இல்லாமல் தோலடி நாள வலையை மட்டும் நம்பியிருப்பதற்கு "வலை மடல்". ஈ உட்கார்ந்தால் சிலிர்க்கிறதே, அந்த மெல்லிய தோல்தசையோடு சேர்ந்துதான் அந்த வலை ஓடுகிறது. தசைக்குக் கீழே போய்ப் பிரிக்க வேண்டும், மேலே பிரித்தால் வலை அறுந்து நுனி கறுத்துவிடும். நகர்த்துவது, சுழற்றுவது என்ற உள்வகைகளுக்கு நகர் மடல், சுழல் மடல் போதும்.

ஒரே சிக்கல் காதில் இருக்கிறது. காதுக்குப் பின்னால் தொடங்கிக் கழுத்துத் தோலில் நீளும் தமனி மடலைச் "செவி மடல்" என்றால் காதையே குறித்துவிடும். "பிடரி மடல்" என்று வைக்கலாமா? பிடரித் தமனி என்று வேறு ஏதாவது ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் சொல்லுங்கள்.