ஆயுள் ரசிகர் தன் கிளப்பை எப்போது விடுகிறார்? – அனுபவப் பகிர்வு

விம்பிள்டன்வாசி:

சிறுவயது முதல் ஒரே கால்பந்துக் கிளப்பே கதி என்று இருந்தவர், ஒரு நாள் அதைத் தலைமுழுகிவிட்டு வந்ததை நேரில் அறிந்தவர்கள் எழுதுங்கள். தோற்றுக்கொண்டே இருப்பதால் யாரும் கிளப்பை விடுவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். தோல்வியையும், கீழ் டிவிஷனுக்குத் தரமிறக்கப்படுவதையும் ரசிகர்கள் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். 'உன் பேச்சு இங்கே எடுபடாது' என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் எழுந்து போகிறார்கள்.

லண்டனில் விம்பிள்டன் பிள்ளையார் கோவிலுக்கு அருகில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தபால்காரர் ஒருவர் இருக்கிறார். விம்பிள்டன் என்றால் உலகத்துக்கு டென்னிஸ். அவருக்கு பிளவ் லேன் மைதானம். அப்பா கைப்பிடித்து அழைத்துப்போன காலத்தில் விம்பிள்டன் எஃப்.சி. இங்கிலாந்தின் மேல் நான்கு டிவிஷன்கள் அடங்கிய ஃபுட்பால் லீகில் கூட இல்லை. 1977இல்தான் உள்ளே வந்தது. 1986இல் உச்சப் பிரிவான முதல் டிவிஷன். 1988இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தியது. சான்செஸ் அடித்த கோலை விட, லிவர்பூலின் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்ட்டியை விம்பிள்டன் கோல்கீப்பர் பீசன்ட் தடுத்ததைத்தான் அவர் அதிகம் பேசுவார். வாசற்படியில் நின்றபடியே இடப்பக்கம் சாய்ந்து, கையை நீட்டிக் காட்டுவார்.

1991இல் பிளவ் லேனை விட்டு, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்கு ஆடப் போனார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் குடித்தனம். அதையும் பொறுத்துக்கொண்டார். 2000இல் உச்சப் பிரிவான பிரீமியர் லீகிலிருந்து இறங்கியபோதும் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்தார்.

2001 ஆகஸ்டில், சுமார் 90 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கிளப்பை மாற்றப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நியமித்த மூன்று பேர் குழு, 2002 மே 28 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. விம்பிள்டனிலேயே புதிதாக ஒரு கிளப்பை உயிர்ப்பிப்பது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கையில் எழுதி வைத்தார்கள். "அதுவரை கோபம் இருந்தது. அந்த வரியைப் படித்ததும் கோபமும் போய்விட்டது, இனி அங்கே எனக்கு என்ன வேலை என்று தோன்றிவிட்டது" என்றார் தபால்காரர்.

அடுத்த சில வாரங்களில் ரசிகர்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். விம்பிள்டன் காமன் புல்வெளியில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அழைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட்டுடன் முதல் ஆட்டம். 4-0 என்று தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் நான்காயிரத்துக்கும் மேல்! தன் வாழ்நாளில் ஒரு தோல்விக்கு அவ்வளவு பாடியதில்லை என்கிறார். அதே ஆண்டு அக்டோபரில் பழைய கிளப் ராதர்ஹாமுடன் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஆடியபோது வந்திருந்தவர்கள் 849 பேர்.

அந்தச் சீசனில் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் ஒருவர் இவருடைய சொந்த அண்ணன். "ஆடுகிற பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்? கடைசி ஆட்டம் வரை இருப்பேன்" என்று சொல்லிவிட்டாராம். கிறிஸ்துமஸ் விருந்தில் அண்ணனும் தம்பியும் கால்பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். 2003 செப்டம்பரில் கிளப் மில்டன் கீன்ஸில் ஆடத் தொடங்கியதும் அண்ணன் கால்பந்தையே விட்டுவிட்டார். புதிய கிளப்புக்கு இன்று வரை வரவில்லை. முதலில் எழுந்து வந்த தம்பிக்கு மறுபடி ஒரு கிளப் கிடைத்தது, கடைசி வரை இருந்த அண்ணனுக்கு எதுவும் இல்லாமல் போயிற்று. யார் பெரிய ரசிகர் என்று என்னைக் கேட்டால், அண்ணனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

மழைநகரம்:

மான்செஸ்டரில் என்னோடு வேலை பார்த்தவர் தலைமுறை தலைமுறையாக மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் குடும்பம். 2005இல் கிளேசர் குடும்பம் கிளப்பைக் கடன் வாங்கி வாங்கியது. அந்தக் கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. "என்னை வாங்குவதற்கான வட்டியை என்னிடமே வசூலிக்கிறார்கள்" என்று சொல்லி டிக்கெட்டை விட்டார். ரசிகர்கள் சேர்ந்து தொடங்கிய எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டரில் உறுப்பினரானார். அங்கே ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. எவ்வளவு பணம் போட்டாலும் இரண்டாவது வாக்கு கிடையாது.

ஆனால் பயிற்சியாளர் ஃபெர்குசனின் யுனைடெட் அணி மேல் இருந்த பாசம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை. சனிக்கிழமை கீழ் லீக் ஆட்டம் முடிந்ததும் முதல் வேலையாகப் பெரிய அணியின் முடிவைக் கேட்பார். 'விலகிவிட்டார்' என்று எளிதாகச் சொல்கிறோம். அவர் விலக்கிக்கொண்டது பணத்தை மட்டும்தான். 2010இல், யுனைடெட்டின் பழைய பெயரான நியூட்டன் ஹீத் காலத்து நிறங்களான பச்சையும் தங்கமும் கலந்த ஸ்கார்ஃப் போட்டு ஆயிரக்கணக்கானோர் அரங்கத்துக்குள் எதிர்ப்புக் காட்டினார்கள் அல்லவா, அதைப் பார்த்து அவர் மகிழவில்லை. "ஸ்கார்ஃபும் போடுகிறார்கள், சீசன் டிக்கெட்டும் வாங்குகிறார்கள், முதலாளிக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி என்றே நினைக்கிறேன்.

ஊதாவெள்ளை:

சால்ஸ்பர்க்கில் படித்தபோது விடுதிக் காவலாளி 'ஆஸ்திரியா சால்ஸ்பர்க்' என்ற கிளப்பின் ரசிகர். 2005இல் ரெட் புல் நிறுவனம் கிளப்பை வாங்கி, பெயரை மாற்றி, ஊதா-வெள்ளையைச் சிவப்பு-வெள்ளை ஆக்கியது. ரசிகர்கள் மாதக்கணக்கில் பேசிப் பார்த்தார்கள். ஊதாவுக்கு இடம் கொடுக்க நிறுவனம் முன்வந்தது கோல்கீப்பரின் காலுறையில்! அதைச் சொல்லும்போது மனிதர் தன் பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, "இவ்வளவுதான், இவ்வளவுதான்" என்று விரலால் அளந்து காட்டினார். பிறகு ரசிகர்கள் பழைய பெயரிலேயே ஒரு கிளப்பைத் தொடங்கி, ஏழாவது டிவிஷனிலிருந்து ஆடினார்கள். அந்தப் பக்கம் லீக் பட்டங்கள் குவிந்தன. அவர் அந்த ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் கூடப் பார்க்க மாட்டார்.

பெரம்பூர்க்காரன்:

சென்னையில் இருந்துகொண்டு தொலைக்காட்சியில் ஆர்சனல் பார்க்கும் என் போன்றவர்கள் எதை விட முடியும்? 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று சூப்பர் லீக் என்ற தனிப் போட்டியை அறிவித்தன, அதில் ஆர்சனலும் ஒன்று. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. லண்டன் ரசிகர்கள் மைதானத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின. எனக்கு நிற்க வாசல் இல்லை. அந்தச் சீசன் ஜெர்சி வாங்காமல் இருந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. விம்பிள்டன்வாசி அண்ணா, உங்கள் தபால்காரர் இந்தப் புதிய கிளப்பையும் ஒரு நாள் விடுவாரா?

விம்பிள்டன்வாசி:

தம்பி, இதை நானே அவரிடம் கேட்டிருக்கிறேன். கிளப் 2011இல் ஃபுட்பால் லீகுக்குள் வந்தது. ரசிகர்கள் கடன்பத்திரம் வாங்கிப் பணம் சேர்த்துக் கொடுத்துத்தான் புதிய மைதானம் எழுந்தது. 2020 நவம்பரில் அந்தப் புதிய பிளவ் லேன் மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்தபோது கொரோனாவால் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. நடந்து போகிற தூரத்தில் இருந்துகொண்டு அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். கிளப் ரசிகர் அறக்கட்டளையின் கையில் இருக்கும் வரை நான்காவது டிவிஷனோ ஒன்பதாவதோ அவருக்குக் கவலையில்லை. அதை ஒரு தனி முதலாளிக்கு விற்றால் அன்றைக்கே அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்கிறார். செய்வார். ஏற்கெனவே செய்தவர்.

உங்கள் ஜெர்சி விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். மழைநகரத்தின் நண்பர் செய்ததும் அதேதான்.

நியூகாசில் ரசிகர்களோடு பழகியவர்கள் யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள். 2021இல் சவுதி அரசு நிதியம் பெரும்பங்கை வாங்கியபோது தெருவில் இறங்கிக் கொண்டாடியவர்களைத்தான் எல்லோரும் பார்த்தோம். பெயர், ஊர், நிறம் எதுவும் மாறாத இடத்தில், முதலாளி யார் என்பதற்காக மட்டுமே விலகியவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. அப்படி ஒருவரைத் தெரிந்தால், அவர் என்ன சொன்னார் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.