ஒரே அடுப்பு, தனி ஆள்: கட்டுப்படியாகும் செலவில் நல்ல சாப்பாட்டுக்கு எங்கே தொடங்குவது?

இரவுப்பணி:
வணக்கம். வேலைக்காக வந்து தனியாகத் தங்கியிருக்கிறேன். ஒரு அடுப்பு, இரண்டு பாத்திரம், சின்ன ஃபிரிட்ஜ். மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான், சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடுகிறது. ரத்த அழுத்தம் லேசாகக் கூடியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நாமே சமைப்போம் என்று காய்கறி வாங்கினால் பாதி அழுகிப் போகிறது. கொண்டைக்கடலையை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நறுக் நறுக்கென்று இருக்கிறது. ஆரோக்கியம் என்று விற்கிற புரதப் பவுடர், விதைகள் எல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. வேலை முடிந்து வந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்கத் தெம்பு இருக்காது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

விடுதிச்சமையல்:
தம்பி, நான் மாணவர் விடுதியில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவள். கொடுத்த காசுக்குள் வளரும் பிள்ளைகளுக்கு வயிறாரப் போட வேண்டிய வேலை அது. அங்கே கற்றதில் முதல் விஷயம்: தினமும் புதிதாக என்ன சமைப்பது என்று யோசிக்கவே கூடாது. விடுமுறை நாளில் ஒரு பானை பயறோ கடலையோ வேகவைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாளைக்கு அதுதான் உங்கள் முதல்.

பவுடர் வேண்டவே வேண்டாம். காய்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது, பருப்பு வகைகள் பலவற்றில் இன்னும் கொஞ்சம் கூடுதல். கூடவே நார்ச்சத்தும் இரும்புச்சத்தும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டாலே உங்களுக்குப் போதும்.

கடலை வேகாததற்கு வருகிறேன். தக்காளியோ எலுமிச்சையோ முதலிலேயே சேர்த்தீர்களா? புளிப்பு சேர்ந்தால் தோல் இறுகிக்கொள்ளும், அப்புறம் என்ன செய்தாலும் மசியாது. அதனால் புளிப்பை எப்போதும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். உங்கள் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து கூடிய கடினத் தண்ணீராக இருந்தாலும் இப்படி ஆகும். வேகும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், அதற்கு மேல் போட்டால் ருசி கெடும். கடலை வருஷக்கணக்கில் மூட்டையில் கிடந்த சரக்காகவும் இருக்கலாம், அப்படியானால் கடையை மாற்றுங்கள். 8 முதல் 12 மணி நேரம் நன்றாக ஊறட்டும். ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் மிருதுவாகும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். வெந்ததா என்று கரண்டியால் பார்க்காதீர்கள். ஒரு கடலையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். நடுவில் மணல் போல எதுவும் நெருடாமல் மசிய வேண்டும். நெருடினால் இன்னும் கொஞ்ச நேரம் வேகட்டும், அரைவேக்காட்டில் இறக்கினால் வயிறுதான் படாத பாடு படும்.

வெந்த தண்ணீரோடு சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள், தண்ணீர் இல்லாமல் வைத்தால் காய்ந்துவிடும். வேலை முடிந்து வந்த இரவில், எண்ணெயில் வெங்காயம், பூண்டு வதக்கி, ஒரு பிடி முட்டைக்கோஸ் போட்டு, ஒரு டப்பா கடலையைத் தண்ணீரோடு ஊற்றுங்கள். கால்வாசிக் கடலையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கிவிட்டால் குழம்பு தானாகக் கெட்டியாகும். மிளகு தட்டிப் போட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்த எலுமிச்சை உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், அது அதே இரும்பைத் தடுக்கும். இவ்வளவுக்கும் இருபது நிமிஷம்கூட ஆகாது.

காய்கறியை வாங்கும்போதே எதை முதலில் சமைப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கீரை வாங்கினால் அன்றோ மறுநாளோ. தக்காளி, பீன்ஸ் அடுத்து. முட்டைக்கோஸ், கேரட், பூசணி எல்லாம் பொறுத்திருக்கும்.

பூண்டுப்பல்:
அம்மா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. ராஜ்மா வாங்கினால் ஊறவைத்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வையுங்கள், அப்புறம் மெதுவாக வேகட்டும். பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சுப் பொருள் உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். சிறுதீயிலேயே வேகவைக்கும் மின்பானையில் அந்தச் சூடு வராது, வாந்தியில் கொண்டுபோய் விடும்.

உப்பைப் பற்றி: உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது சின்ன டீஸ்பூன் ஒன்றுக்கும் குறைவு. பாக்கெட் நூடுல்ஸ், சாஸ், சிப்ஸ், ரொட்டி இவற்றில் உள்ள உப்பும் அந்தக் கணக்கில்தான் வரும். டின்னில் வரும் கடலையும் நல்லதுதான், அவசரத்துக்கு உதவும். தண்ணீரை வடித்து, குழாயில் ஒரு தடவை அலசிவிடுங்கள், உப்பு கணிசமாகக் குறையும்.

இரவுப்பணி:
ரொம்ப நன்றி அம்மா, நன்றி நண்பரே. எலுமிச்சையை நான் முதலிலேயே பிழிந்துகொண்டிருந்தேன், காரணம் இப்போது புரிகிறது. இன்னும் ஒரு சந்தேகம். கடலை மாதிரியே சோற்றையும் மொத்தமாக வடித்து நாலு நாள் வைத்துக்கொள்ளலாமா?

விடுதிச்சமையல்:
வேண்டாம் தம்பி, சோற்றில் மட்டும் கவனமாக இருங்கள். அரிசியில் உள்ள சில கிருமிகளின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடக்கும் நேரத்தில் அவை பெருகி நச்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. மிஞ்சியதை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாளே தீர்த்துவிட வேண்டும், அதுவும் ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே ஒரு தடவை. நீங்கள் வேலைக்குக் கிளம்பும் ஆள், பாத்திரத்தோடு அடுப்பு மேலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு முக்கால் டம்ளர் அரிசி போட்டுப் பாருங்கள், மிஞ்சினால் அடுத்த முறை அரை டம்ளராகக் குறையுங்கள்.