பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.: வழி அடைபடுமா?

கேள்வி: பத்தாம் வகுப்பை முடித்த என் மகன், பிளஸ் டூவையும் பொறியியல் கல்லூரியையும் விடுத்து, அரசு ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) ஃபிட்டர், அதாவது இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் தொழிற்பிரிவில் சேர விரும்புகிறான். உறவினர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கோ, பின்னாளில் மேற்படிப்புக்கான வழி அடைபட்டுவிடுமோ என்பதுதான் கவலை.

பதில் 1: அடைபடாது, ஐயா. ஈராண்டு ஃபிட்டர் பயிற்சியை முடித்துத் தேசியத் தொழிற்சான்றிதழ் பெற்றவர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கே பட்டயப் படிப்பை (டிப்ளமோ) முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் அவ்வாறே சேர முடியும். முகம் சுளிக்கும் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பதில் 2: சான்றிதழோடு நின்றுவிட வேண்டாம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ், உதவித்தொகையுடன் ஒரு தொழிற்சாலையில் பழகுநராக (அப்ரன்டிஸ்) சேரட்டும். அளவுகருவியை நம்பிக்கையோடு பிடிக்க நான் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அன்று, பழகுநராக இருந்த இடத்தில்தான்.

பதில் 3: சேருமுன் பயிற்சிக்கூடத்தை நேரில் பாருங்கள். டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தும் திட்டத்தைத் தமிழக அரசு செயல்படுத்தியது. நீங்கள் பார்க்கும் நிலையம் அவற்றுள் ஒன்றா என்று கேளுங்கள். மகன் அரசுப் பள்ளியில் படித்தவனெனில், மாதம் 1,000 ரூபாய் வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

கேட்டவர்: அரசுப் பள்ளிதான். திங்கட்கிழமை அவனையும் அழைத்துச் செல்கிறேன்.