கவிழ்ந்த சர்ஃப்ஸ்கீயில் மீண்டும் ஏறுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். மூன்று மாதங்களாகச் சர்ஃப்ஸ்கீ (மேலே திறந்த இருக்கைக் குழியுள்ள, நீண்டு குறுகிய துடுப்புப் படகு) ஓட்டப் பழகிவருகிறேன். அலையில்லாத நீரில் கவிழ்ந்தால்கூட, கைகளை ஊன்றி எழும்பியவுடன் படகு என் பக்கமாக உருண்டு என்னை மறுபடியும் நீரில் தள்ளிவிடுகிறது. இரண்டு மூன்று முயற்சிகளிலேயே தோள்கள் சோர்ந்துவிடுகின்றன. கால்களை ஒரே பக்கம் வைத்து ஏறுவது, குதிரையில் அமர்வதுபோல் இருபுறமும் கால் போட்டு ஏறுவது என இரண்டு முறைகளைச் சொல்கிறார்கள். இவற்றுள் எதை முதலில் பழகுவது?

மறுமொழி 1:
உங்கள் சிக்கல் தோள்வலுவைச் சார்ந்தது அன்று. உடல் நீருக்குள் செங்குத்தாகத் தொங்கும்போது கைகளை ஊன்றினால் முழு எடையும் ஒரு விளிம்பில் விழுகிறது; அரை மீட்டர் அளவே அகலமுள்ள படகு அதைத் தாங்காது. ஆகவே முதலில் கால்களை உதைத்து, குதிகால்கள் நீர்மட்டத்துக்கு வரும்வரை உடலைக் கிடைமட்டமாக்குங்கள். ஒரு கை அருகிலுள்ள விளிம்பையும், மறு கை துடுப்போடு சேர்த்து இருக்கைக் குழியின் அப்புற விளிம்பையும் பற்றியிருக்க, கால்களின் உதையோடு படகை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறுவதாக நினைக்காமல், படகை அடியில் கொண்டுவருவதாக நினைப்பது எனக்கு மிகவும் உதவியது. வயிறு இருக்கையின் குறுக்கே படிந்ததும் தலையைத் தாழ்த்தி ஒரு மூச்சு விடுங்கள். பிறகு இடுப்பைத் திருப்பி இருக்கையில் அமருங்கள். கால்கள் இரண்டும் ஒரே பக்கம் நீரில் இருக்கட்டும். ஆட்டம் அடங்கியபின் ஒவ்வொன்றாக உள்ளே எடுக்கலாம். இந்த ஒருபக்க முறையையே முதலில் பழகுங்கள்.

மறுமொழி 2:
எனக்கு இருபுறமும் கால் போடுவதே எளிதாக இருந்தது. ஏறி அமர்ந்தபின் இரு கால்களும் நீரில் தொங்குவதால் படகு நன்றாக நிலைகொள்ளும். ஆனால் காலைப் படகின் மேலாகக் கடத்தும் அந்த நொடியில் மார்பு உயர்ந்தால் கவிழ்வது உறுதி. உயிர்காப்பு அங்கியின் முன்புறம் பருத்திருந்தாலும் விளிம்பில் தடுக்கும், அதையும் கவனியுங்கள்.

மறுமொழி 3:
எந்த முறையாயினும் கவிழ்ந்த கணத்திலேயே படகையும் துடுப்பையும் பற்றிக்கொள்ளுங்கள். காற்றில் காலியான படகு நீந்துபவரைவிட விரைவாக விலகிச்செல்லும் என்பதால், ஆழ்கடலில் காலோடு பிணைக்கும் கயிறு இன்றியமையாதது. அலை உடையும் இடத்திலோ, படகுக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். அடுத்த அலை அதை உங்கள் மீதே எறியும். ஏறியவுடன் துடுப்பு போடத் தொடங்குங்கள். ஓடும் படகு நிலையாக இருக்கும், அடியிலுள்ள வடிகாலும் குழியில் தேங்கிய நீரை வெளியேற்றும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை கால்களை உதைத்து உடலைக் கிடைமட்டமாக்கியபின் முயன்றேன். இடப்பக்கமிருந்து ஐந்தில் மூன்று முறை ஏறிவிட்டேன். வலப்பக்கம் இன்னும் கைகூடவில்லை. நாளை அதை மட்டும் பழகப்போகிறேன்.