வாட்ஸ்அப்பில் உறுதிசெய்த ஆர்டரை ரத்து செய்தால் முழுத் தொகையும் கேட்கலாமா?

தேக்கா88:
சிங்கப்பூரில் கல்யாண மேடை அலங்கார வேலை. 9,600 வெள்ளிக்கு வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினோம். "ஓகே, கன்ஃபர்ம்" என்று பதில் வந்தது. பேநவ்வில் (உடனடிப் பணமாற்றுச் சேவை) 1,000 வெள்ளி முன்பணமும் வந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வேண்டாம் என்றுவிட்டார்கள். கையெழுத்து இல்லாததால் ஒப்பந்தமே இல்லையாம். "ரத்து செய்தால் முழுத் தொகை" என்ற நிபந்தனை எங்களிடம் உண்டு. அந்த நிபந்தனை இருக்கும் லிங்க்கை முன்பணம் வந்த பிறகுதான் அனுப்பினோம். மீதி 8,600 வெள்ளியைக் கேட்கலாமா?

புளோக்245:
ஒப்பந்தம் இருக்கிறது. மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம் 2010, பிரிவு 11 படி, மின்னியல் செய்தி வழியாக நடந்தது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. அலங்கார வேலைக்கு எழுத்தோ கையெழுத்தோ கட்டாயமும் இல்லை. இரண்டும் கட்டாயமான குத்தகை விவகாரத்திலேயே, எஸ்எம் இன்டகிரேட்டட் டிரான்ஸ்வேர் எதிர் ஷெங்கர் வழக்கில் (2005) மின்னஞ்சலின் தலைப்பகுதியில் இருந்த அனுப்புநர் பெயரை உயர் நீதிமன்றம் கையெழுத்தாக ஏற்றது.

சிக்கல் உங்கள் லிங்க்கில்தான். அவர்கள் "கன்ஃபர்ம்" சொன்ன நொடியில் ஒப்பந்தம் உருவாகிவிட்டது. அதற்கப்புறம் அனுப்பிய நிபந்தனை, அவர்கள் ஒப்புக்கொண்டால் ஒழிய, அதில் சேராது. இனிமேல் கொட்டேஷனோடு சேர்த்தே அனுப்புங்கள். ரத்து நிபந்தனையை லிங்க்குக்குள் ஒளிக்காமல் செய்தியிலேயே எழுதுங்கள்.

ஜூரோங்_வாசகி:
லிங்க் முன்னாலேயே போயிருந்தாலும் 8,600 கிடைப்பது சிரமம். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதிவைக்கும் தொகை, உண்மையான இழப்பை முன்கூட்டியே நியாயமாகக் கணித்ததாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அது அபராதம், செல்லாது. இங்கிலாந்து 2015ல் இந்த அளவுகோலைத் தளர்த்தியது. நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020ல் டென்கா வழக்கில் அதைப் பின்பற்ற மறுத்து, பழைய அளவுகோலிலேயே நின்றது.

ஆகவே உண்மையான இழப்பைக் கணக்குப் போடுங்கள். வாங்காத பூ, கூப்பிடாத ஆட்கள், லாரி எல்லாம் உங்களுக்கு மிச்சம்தான். அது 5,200 என்றால் 9,600லிருந்து கழித்து இழப்பு 4,400. கையிலிருக்கும் 1,000 போக, கேட்கக்கூடியது 3,400. பெயர் அச்சடித்த பேனர் மாதிரி ஏற்கெனவே செலவாகித் திரும்பப் பயன்படாததை மிச்சத்தில் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். வெறும் மதிப்பீடு நிற்காது.

தேக்கா88:
நன்றி. அதே தேதிக்கு வேறொரு சின்ன ஆர்டர் எடுத்தோம். அதையும் கழிக்கணுமா?

ஜூரோங்_வாசகி:
இது ரத்தானதால்தான் எடுக்க முடிந்தது என்றால் அதன் லாபத்தைக் கழிக்கணும். இரண்டையும் செய்யும் அளவுக்கு ஆளும் சாமானும் இருந்திருந்தால் கழிக்க வேண்டாம். ஆனால் அதை நீங்கள்தான் காட்டவேண்டும்.

புளோக்245:
எங்கே போவது என்றால், ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்)தான். உச்சவரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000. இரண்டு வருடத்துக்குள் பதிவு செய்யணும். வக்கீல் வரமுடியாது. நடுவர் மன்றங்களுக்கான சிஜேடிஎஸ் இணையத்தளத்தில், நிறுவனங்களுக்கான மின்னியல் அடையாளமான கார்ப்பாஸ் வழியாக நுழையலாம். 5,000 வரையிலான கோரலுக்கு நிறுவனம் கட்டும் கட்டணம் 50 வெள்ளி.

அதற்கு முன்னால், கடைசித் தேதி குறிப்பிட்டு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். அந்த உரையாடலில் மறையும் செய்தி வசதி இயங்குகிறதா என்று இன்றைக்கே பார்த்து நிறுத்துங்கள். ஆதாரம் தானாக அழிந்துபோவது பெரும்பாலும் இதில்தான். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் நீங்கள் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, எண்ணும் தேதியும் தெரியணும். போனை மாற்றாதீர்கள். செய்திகள் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தயாராக வையுங்கள்.