மறு: முடக்குவாதத்தோட (ருமடாய்டு மூட்டுவாதம்) இன்னொரு தன்னெதிர்ப்பு (ஆட்டோஇம்யூன்) நோயும் சேர்ந்திருந்தா தமிழ்ல என்ன சொல்றது?

> "இணைநோய்"னே போட்டுடலாமே, ஜனங்களுக்குப் பழகின சொல்தானே?

பழகினதுதான் சிக்கல் ஐயா. கொரோனா சமயத்துல தினம் செய்தியில கேட்டுக் கேட்டு இணைநோய்னா சுகர், பிபின்னு பதிஞ்சு போச்சு. முடக்குவாதக்காரருக்கு சுகர் இருந்தா அது இணைநோய், சரி. அவருக்கே லூபஸோ (தோல், மூட்டு, கிட்னின்னு பல இடத்தைத் தாக்குறது) ஹாஷிமோட்டோ தைராய்டோ இருந்தா அது வேற கதை, மூட்டுகளை அடிக்கிற எதிர்ப்பாற்றல் இன்னொரு உறுப்பையும் பகையா நினைச்சு அடிக்குது, பிடிபிஎன்22 மாதிரி மரபணு மாற்றங்கள் இந்த மாதிரி நோய்கள் பலதுலயும் பொதுவா தலைகாட்டுது. மருந்தும் மாறும். லூபஸ் கூட இருந்தா, அழற்சியைத் தூண்டுற டிஎன்எஃப்-ங்கிற புரதத்தைத் தடுக்கிற ஊசி போட டாக்டர் யோசிப்பார், ஏன்னா அந்த ஊசியே அபூர்வமா லூபஸ் மாதிரி ஒண்ணைக் கிளப்பிவிடும். ஹைட்ராக்சிகுளோரோகுயின்னா ரெண்டுக்கும் ஆகும்.

> அப்ப "இரண்டாம்நிலை"?

ஷோக்ரென் நோய் (கண்ணீர், எச்சில் சுரப்பிகளை அடிக்கிற தன்னெதிர்ப்பு) முடக்குவாதம் மாதிரி இன்னொண்ணோட சேர்ந்து வந்தா அப்படித்தான் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க, எனக்குப் பிடிக்கல. கண்ணு எரிஞ்சு, வாய் வறண்டு, ஒரு வாய் சோறு முழுங்க தண்ணி தேடுறவங்ககிட்ட உங்களுது இரண்டாம்நிலைன்னு சொல்லுவீங்களா? 1933ல ஹென்ரிக் ஷோக்ரென் ஆய்வேட்டுல விவரிச்ச 19 பெண்கள்லயே 13 பேருக்கு மூட்டுவாதம் இருந்துச்சு.

"பல்" சேர்க்கலாம்னு ஒருத்தர் சொன்னார். பல் + தன்னெதிர்ப்பு, விதிப்படி புணர்த்தினா பஃறன்னெதிர்ப்பு. பஃறொடை வெண்பா எழுதறவங்களுக்கு ஆகும், ஓபி சீட்டுக்கு ஆகாது.

என் ஓட்டு "உடனுறை தன்னெதிர்ப்பு". வினைத்தொகை, அதனால நடுவுல ஒற்று மிகாது, அதைவிட முக்கியம் உறைந்த உறைகின்ற உறையும்னு மூணு காலமும் உள்ள அடங்கிடுது. ஒரு நோய் வந்து பல வருஷம் கழிச்சு இன்னொண்ணு வரலாம், எது முந்தி எது பிந்திங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், இந்தச் சொல் அதுல தலையிடாது.

---

> "முடக்குவாதம் உடனுறை லூபஸ்"னு படிச்சா கும்பாபிஷேகப் பத்திரிகை மாதிரி இருக்கு சார் :) அப்புறம் ருபஸுக்கு என்ன பண்றது?

கோயில் வாசனை அடிச்சா அடிக்கட்டும், அங்கயும் ரெண்டு பேரும் சேர்ந்து குடியிருக்காங்கன்னுதானே அர்த்தம். ருபஸ் ஒரு குறிப்பிட்ட ஜோடியோட பேர், ருமடாய்டும் லூபஸும் ஒட்டினது. லூபஸ் மூட்டுவலியில பொதுவா எலும்பு அரிக்காது, இதுல எக்ஸ்ரேயில அரிப்பு தெரியும், ரத்தத்துல ஆன்டி-சிசிபியும் (முடக்குவாதத்தைக் காட்டுற டெஸ்ட்) ஆன்டி-டிஎஸ்டிஎன்ஏவும் (லூபஸைக் காட்டுறது) சேர்ந்தே பாசிட்டிவா வரலாம். பேரை அப்படியே விட்டுடலாம், மொழிபெயர்க்கப் போனா கெடும்.

மூணோ அதுக்கு மேலயோ சேர்ந்தா மல்டிபிள் ஆட்டோஇம்யூன் சிண்ட்ரோம்னு 1988லேர்ந்து தனிப்பேர் இருக்கு. "முக்கூட்டு"ன்னு யோசிச்சேன், நாலாவது வந்தா மாட்டிக்கும். வேற இருந்தா போடுங்க.