டெக்ஸ் கடை ஃப்ளோவுக்கு ஏன் ஒற்றைச் சக்கரம்?

கோரஸண்ட்குமரன்

நேற்று இன்னொரு இழையில் நெய்தல்நிலவன் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனது இது: "அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ் படத்தில் சாப்பாட்டுக் கடையில் வரும் ரோபோவுக்குக் கால் வைக்காமல் ஒற்றைச் சக்கரம் வைத்ததே அனிமேஷன் செலவை மிச்சம் பிடிக்கத்தான். வந்து நிற்காமல் போகிற வெட்டிப் பாத்திரம்." அதற்கு லைக் வேறு குவிகிறது. படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

படம் மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2002இல் வந்த ஸ்டார் வார்ஸ் வரிசைப் படம். கூலிக்கொலைகாரி ஜாம் வெசலைக் கொன்ற விஷ ஊசியை எடுத்துக்கொண்டு, குடியரசைக் காக்கும் ஜெடாய் வீரர்களில் ஒருவரான ஓபி-வான், கோரஸண்ட் நகரத்தின் கோகோ டவுனில் இருக்கும் டெக்ஸ்டர் ஜெட்ஸ்டரின் கடைக்கு வருகிறார். ஊசி எங்கிருந்து வந்தது என்று ஜெடாய் கோவிலில் கிடைக்காத பதில் அந்தக் கடையில்தான் கிடைக்கிறது. உள்ளே நுழைந்ததும் அவரை முதலில் எதிர்கொள்வது WA-7 வகை டிராய்டு, அதாவது ரோபோ. ரசிகர்கள் ஃப்ளோ என்போம். அவள் அடுப்படியைப் பார்த்து, ஆள் வந்திருக்கு என்று குரல் கொடுக்கிறாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஆளைப் பார்த்தா ஜெடாய் மாதிரி இருக்கு என்கிறாள். அந்தத் தாழ்ந்த குரலில்தான் அவள் யாரென்று தெரிகிறது. குடியரசின் காவலர் வாசலில் நிற்கிறார், இவள் கொஞ்சமும் அசரவில்லை.

அந்தச் சக்கரம் 1950களின் அமெரிக்க டிரைவ்-இன் கடைகளில் ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு தட்டை ஏந்தி வந்த கார்ஹாப் பெண்களுக்குச் செய்த மரியாதை. செலவுக் கணக்கு என்கிறவர் படத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

நெய்தல்நிலவன்

என் பேரை இழுத்தாச்சு, அதனால் பதில் சொல்கிறேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாறாது.

கால் வைத்தால் நடக்க வைக்கணும். பாதம் தரையில் வழுக்காமல் பதியணும், ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் எடை மாறணும். சக்கரம் என்றால் ஒரு கோட்டில் நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது. அனிமேஷன் படித்தவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

அப்புறம் குமரன் சார், நீங்கள் சொல்வது டிரைவ்-இன். டெக்ஸ் வைத்திருப்பது டைனர், உள்ளே உட்கார்ந்து சாப்பிடும் கடை. ஸ்கேட் போட்ட பெண்கள் வெளியே நிற்கும் காருக்குத் தட்டு கொண்டுபோனவர்கள். மேஜைக்கு நடுவில், கல்லாவுக்கு உள்ளே யார் ஸ்கேட்டில் போனார்கள்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் போதும்.

கோரஸண்ட்குமரன்

சொல்கிறேன். அதே காட்சியில் டெக்ஸ் வருகிறார் இல்லையா? நாலு கை. தொங்கும் தாடை, அழுக்குப் பனியன், தொப்பை. அடுப்படியிலிருந்து நடந்து வந்து ஓபி-வானாக நடித்த இவான் மெக்ரெகரைக் கட்டிப்பிடிக்கிறார். நிஜ ஆளை ஒரு கணினி உருவம் நாலு கையால் கட்டிப்பிடிப்பது எவ்வளவு வேலை என்று அனிமேஷன் படித்த உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அதே ஐ.எல்.எம். கிராஃபிக்ஸ் நிறுவனம், அதே படம், அதே கடை. நாலு கைக்குக் காசு இருந்தது, இரண்டு காலுக்கு இல்லையாமா?

செலவுக் கதை இங்கேயே செத்துவிட்டது.

டைனர் வேறு, டிரைவ்-இன் வேறு என்று பாடம் எடுக்கிறீர்கள். டைனரின் பூர்வீகம் தெரியுமா? 1872இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் ஊரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் வைத்து இரவுச் சாப்பாடு விற்றார். அந்த வண்டிதான் வளர்ந்து டைனர் ஆனது. பின்னால் ரயில் பெட்டி வடிவத்தில் தொழிற்சாலையிலேயே கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கினார்கள். டைனர் பிறந்ததே சக்கரத்தின் மேல். அந்தக் கடைக்குள் சக்கரத்தில் ஒருத்தி ஓடினால் என்ன குறைந்துவிட்டது?

மெக்கானிக்மாரி

குமரன் அண்ணே, நெய்தல் ப்ரோ, ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம். ஒற்றைச் சக்கரம் சுலபம்னு எவன் சொன்னான்? கூடத்தில் ஓடுற இயந்திரத்துக்கு அதைவிடக் கஷ்டமானது இல்லை. செக்வே வண்டியை எடுத்துக்கோங்க, 2001 டிசம்பரில் வெளியே காட்டினாங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சக்கரம், அதனால முன்னும் பின்னும் மட்டும் சமாளிச்சா போதும். ஒற்றைச் சக்கரத்துல பக்கவாட்டிலும் விழும். உள்ளே கைரோ, அதான் சாயாம நிமிர்த்திப் பிடிக்கிற கருவி, வைக்கணும், இல்லைன்னா உடம்பை ஆட்டி ஆட்டியே நிக்கணும். கையில தட்டு வேற.

இப்ப நிஜமா உணவகத்துல ஓடுறதைப் பாருங்க. சீனாவின் புடு நிறுவனத்தோட பெல்லாபாட். 2020 சி.இ.எஸ். மின்னணுக் கண்காட்சிக்கு வந்தப்ப உலகமே பேசுச்சு. நாலு அடுக்குத் தட்டு, கீழே அகலமான அடி, திரையில பூனை முகம். காதைத் தடவினா கொஞ்சும், ரொம்ப நேரம் தடவினா முகத்தைச் சுளிச்சு, வேலை செய்ய விடுன்னு கோபப்படும். ஜப்பான்ல ஸ்கைலார்க் குழுமக் கடைகள்ல இதைத்தான் இறக்கியிருக்காங்க. அதுக்கும் ஒற்றைச் சக்கரம் வைக்க எவனுக்கும் துணிச்சல் வரலை.

நெய்தல்நிலவன்

மாரி, நீங்கள் சொன்னது நிஜ இயந்திரத்துக்கு. கணினிக்குள் இருக்கும் பொம்மை எங்கேயும் விழாது. அங்கே கைரோவும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். என் பக்கத்துக்கு வலு சேர்த்ததற்கு நன்றி.

குமரன் சார், டெக்ஸுக்கு நாலு கை வைத்து அங்கே பணம் கரைந்ததால்தான் இங்கே கால் போனது என்று ஏன் இருக்கக் கூடாது? குதிரை வண்டிக் கதை நன்றாக இருக்கிறது, நான் கேட்டது அது இல்லை. மேஜைக்கு நடுவில் யார் ஸ்கேட்டில் போனார்கள்?

இருள்மதி

சக்கரம், சக்கரம், சக்கரம். அந்தக் கடையில் நடக்கும் பெரிய விஷயம் யார் கண்ணுக்கும் படவில்லையா?

ஊசியை ஆராய்ந்த டிராய்டுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அறிவு வேறு, விவேகம் வேறு, அந்த மதிப்பு ஜெடாய்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று டெக்ஸ் கேட்கிறார். அதற்கு ஓபி-வான் சிரித்துக்கொண்டே, டிராய்டுகளுக்குச் சிந்திக்கத் தெரிந்தால் நாம் யாரும் இங்கே இருக்க மாட்டோம் என்கிறார். எங்கே உட்கார்ந்து சொல்கிறார்? வாசலில் நுழைந்த நொடியில் அவர் அங்கியைப் பார்த்து ஆளை எடைபோட்ட ஒரு டிராய்டு வேலை பார்க்கும் கடையில்! அவள் சிந்தித்துவிட்டாள், இவர் கவனிக்கவில்லை. படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அது.

1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் மாஸ் ஐஸ்லி ஊர் மதுக்கடைக்காரன் டிராய்டுகளை வாசலோடு துரத்துகிறான். இங்கே ஒரு டிராய்டு கடையையே கட்டி மேய்க்கிறாள். அதே கடையில் ஹெர்மயோனி பாக்வா என்ற மனிதப் பெண்ணும் பரிமாறுகிறாள். அந்தப் பாத்திரத்தில் நடித்த சூசி போர்ட்டர்தான் ஃப்ளோவுக்கும் குரல் கொடுத்தவர். ஒரே நடிகை, ஒன்று உடம்பு, ஒன்று குரல். இதைப் பேசுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். பரிமாறுகிற ரோபோ என்றாலே ஏன் பெண் குரல்? முதலாளியைக் கொஞ்சலாகக் கூப்பிட வைப்பது யாருடைய ஆசை?

பழையபிரிண்ட்

இந்தப் படத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதே அதிகம். மாஸ் ஐஸ்லி மதுக்கடையில் புகையும் இருட்டும் இருந்தன, எந்த ஊர் என்றே தெரியாத மாதிரி இருந்தது. இவர்கள் அமெரிக்க நெடுஞ்சாலைக் கடையைப் பெயர்த்துக் கொண்டுவந்து விண்மீன் மண்டலத்தில் வைத்துவிட்டார்கள். சிவப்பு இருக்கை, பளபளக்கும் உலோகப் பட்டை, ரோபோ பணிப்பெண். பரிமாறும் டிராய்டு வேண்டுமென்றால் 1983 ஸ்டார் வார்ஸ் படத்தில் கடத்தல் தலைவன் ஜாபாவின் படகில் ஆர்டூ என்கிற குட்டி டிராய்டு முதுகில் தட்டைக் கட்டிக்கொண்டு பானம் கொடுத்தானே, அது போதும். ஒரு வார்த்தை பேசாமலேயே அவன் காட்டிய திமிர் இந்த அம்மாவிடம் கிடையாது.

குமரன் படத்தை ஒழுங்காகப் பார்க்கச் சொல்லி ஊருக்கு உபதேசம் செய்கிறார். மனித உருவ டிராய்டு சி-3பிஓ முழுக்கத் தங்கநிறம் என்று போன வருஷம் இங்கே மல்லுக்கட்டியவர் இவர். வலது முழங்காலுக்குக் கீழே வெள்ளி என்று படம் போட்டுக் காட்டியதும் ஆளைக் காணோம். நான் மறக்கவில்லை.

கோரஸண்ட்குமரன்

வெள்ளிக் கால் விவகாரத்தை இழுத்து இங்கே தப்பிக்கப் பார்க்காதீர்கள். அன்று நான் பேசியது பொம்மைப் பெட்டிகளிலும் போஸ்டர்களிலும் அவன் எப்படித் தெரிந்தான் என்பதை. நீங்கள் படத்தைப் பற்றிப் பேசினீர்கள். இன்று வரைக்கும் அந்த வித்தியாசம் உங்களுக்கு ஏறவில்லை.

அமெரிக்கக் கடையைப் பெயர்த்து வைத்துவிட்டார்கள் என்கிறீர்கள். மாஸ் ஐஸ்லி மதுக்கடை எங்கிருந்து வந்ததாம்? கௌபாய் படங்களின் சலூன் அது. அந்நியன் நுழைவான், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், வம்புக்கு ஒருவன் வருவான், ஒரு கை துண்டாகும். அதை ரசிப்பீர்கள், டைனர் வந்தால் மட்டும் கசக்கும்.

ஜார்ஜ் லூகாஸ் 1944இல் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோவில் பிறந்தவர். கார் ஓட்டிக்கொண்டு இரவெல்லாம் ஊரைச் சுற்றிய பையன். அதைத்தான் 1973இல் அமெரிக்கன் கிராஃபிட்டி என்று படமாக எடுத்தார். கதை நடப்பது 1962இல். பையன்கள் கூடும் இடம் மெல்ஸ் டிரைவ்-இன். நியான் வெளிச்சத்தில் ஸ்கேட் போட்ட பெண் தட்டோடு வழுக்கி வருவதை அந்தப் படம் பார்த்த எவனும் மறக்க மாட்டான். அதே ஆள் 29 வருஷம் கழித்து ஒரு சாப்பாட்டுக் கடைக் காட்சி எடுக்கிறார், அதில் சக்கரத்தில் ஒரு பணிப்பெண் வருகிறாள். இதைப் பார்த்துவிட்டுச் செலவுக் கணக்கு என்று எழுத எப்படி மனசு வருகிறது?

அவள் திரும்புவதைக் கவனியுங்கள். உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, சக்கரம் பின்னாலேயே வருகிறது, கை மட்டும் தட்டுப் பிடிக்கிற மட்டத்திலேயே நிற்கிறது. ஸ்கேட் போட்டவர்கள் வளைகிற வளைவு அது. ஒரு கோட்டில் நகர்த்திவிட்ட பொம்மை இப்படி வளையாது, நெய்தல்.

இருள்மதி

நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. ஓபி-வான் வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை?

நெய்தல்நிலவன்

கிராஃபிட்டி படத்தில் அந்தப் பெண்கள் எங்கே போகிறார்கள்? வெளியே, காருக்கு. நீங்களே என் வாதத்தை எழுதித் தந்துவிட்டீர்கள். உள்ளே, மேஜைக்கு நடுவில்? இன்னும் காத்திருக்கிறேன்.

மெக்கானிக்மாரி

சாயுறது சரியா காட்டியிருக்காங்க, அதை ஒத்துக்கணும். ஆனா கை மட்டம் மாறாம நிக்குதுன்னா அது ஸ்கேட் பழக்கம் இல்லை அண்ணே, கைரோ. ஸ்கேட்காரங்க கையும் சேர்ந்துதான் ஆடும்.

கோரஸண்ட்குமரன்

மாரி தம்பி, கைரோ இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? கதைக்குள் கைரோ, எடுத்தவர் மனசில் ஸ்கேட்.

இருள்மதி மேடம், நீங்கள் சொன்ன வசனம் எனக்கு மனப்பாடம். அது நான் சொல்வதைத்தான் உறுதி செய்கிறது. வெட்டிப் பாத்திரம் என்றால் அந்த வசனத்தை அந்தக் கடையில் வைத்திருக்க மாட்டார்கள். பெண் குரல் பற்றிக் கேட்டீர்கள். ஃப்ளோ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் தொடங்கிய ஆலிஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஃப்ளோ என்ற பணிப்பெண் இருந்தாள், பாலி ஹாலிடே நடித்தது. முதலாளியை எதிர்த்து வாய் பேசுவாள், வாடிக்கையாளரை உரிமையோடு அதட்டுவாள். அந்தக் கடையின் பெயரும் மெல்ஸ் டைனர். 1980இல் அவளுக்கென்றே தனித் தொடர் வந்தது. டெக்ஸ் கடையில் அவள் கொஞ்சுவது அடிமைத்தனம் என்று நினைக்காதீர்கள். கடையே தன்னுடையது என்கிற தோரணை அது.

இருள்மதி

பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் பெண் அதட்டினால் அது தோரணை. விலைக்கு வாங்கிய இயந்திரத்தை அப்படிப் பேச வைத்தால் அது வாங்கியவனின் ரசனை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். டிராய்டுகளுக்கும் உரிமை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கும் எல்3-37 என்ற டிராய்டு ‘சோலோ’ படத்தில் வருவதற்கு 2018 வரை ஆனது. ஃப்ளோவை யாரும் கேட்கவில்லை.

பழையபிரிண்ட்

எல்3 பேச்சை எடுக்காதீர்கள், அந்தப் படத்தை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பெயர் ஒத்துப்போனால் உடனே மரியாதையா? ஃப்ளோரன்ஸ் என்று பெயர் வைத்த அமெரிக்கப் பெண்கள் எத்தனையோ பேர், எல்லோரையும் வீட்டில் ஃப்ளோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

கோரஸண்ட்குமரன்

பெயர் ஒன்று, டைனர் ஒன்று, வாய் ஒன்று, மெல்ஸ் ஒன்று. இத்தனையும் தற்செயல் என்றால் உங்களிடம் பேசிப் பயனில்லை. கணக்கில் சேர்க்காத படம், சேர்த்த படம் என்று பட்டியல் போட உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? உங்களுக்கு 1983க்குப் பிறகு வந்த எதுவும் பிடிக்காது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பழையபிரிண்ட்

1983இல் வந்ததிலும் ஈவாக் என்கிற அந்தக் கரடிக் குட்டிகள் எனக்குப் பிடிக்காது. தெரியாமல் பேசாதீர்கள்.

நெய்தல்நிலவன்

மேஜைக்கு நடுவில்?

கோரஸண்ட்குமரன்

நெய்தல், உங்களுக்காக இன்றிரவு அந்தக் காட்சியை மறுபடி போட்டு, அவள் வளையும் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனிப் படமாக எடுத்து இங்கே போடுகிறேன். அதற்கு முன்னால் டெக்ஸின் நாலு கைக்கு நீங்கள் ஒழுங்கான பதில் எழுதியாக வேண்டும். பணம் கரைந்தது என்று ஊகத்தில் சொன்னதைப் பதில் என்று நான் ஏற்கவில்லை.